லோடு போட்டு அளந்து பாருங்கள்: உறுமும் மோட்டாரிலிருந்து கருகும் பிளக் வரை

"கரண்ட் இருக்கு தம்பி, ஆனா ஓடமாட்டேங்கு."

அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மகாதேவி வரை ஆற்றோரத்து ஊர்களில் வயரிங், மோட்டார் வேலை பார்க்கிற எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும். சொல்கிறவர் டெஸ்டரை வைத்துப் பார்த்திருப்பார். அது எரிந்திருக்கும். அதைத்தான் 'கரண்ட் இருக்கு' என்கிறார். அங்கே இருப்பது வோல்டேஜ், பாடப்புத்தகத்து மின்னழுத்தம். கரண்ட் என்பது ஓட்டம். ஏதாவது ஒன்று வேலை செய்தால்தான் அது உண்டு. மூன்றாவது ஆள், அந்த ஓட்டத்தை மறிக்கிற மின்தடை. அதன் பாடு இன்னும் மோசம். பேப்பரில் 'நாளை மின்தடை' என்று போட்டால் காலையில் போய் சாயங்காலம் வரும் என்று அர்த்தம். ஓம் கணக்கு யாருக்கும் ஞாபகம் வராது.

அந்தக் கணக்கு ஒரே வரிதான். ஜெர்மனியில் ஓம் என்ற வாத்தியார் 1827-இல் புத்தகமாகப் போட்டது: வோல்ட் (மின்னழுத்தம்) = ஆம்பியர் (ஓட்டம்) × ஓம் (மின்தடை). ஒயர், சுவிட்ச், ஜாயின்ட் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் ஓம் உண்டு. அதில் ஆம்பியர் ஓடும்போது, பெருக்கி வருகிற அளவுக்கு வோல்டேஜ் அங்கேயே தங்கிவிடும். மிச்சம்தான் மோட்டாருக்கு. எதுவும் ஓடாதபோது ஆம்பியர் பூஜ்யம், அதை எதால் பெருக்கினாலும் பூஜ்யம். அதனால்தான் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் ஜாயின்ட்கூட, சும்மா இருக்கும்போது மீட்டரில் முழு 230-ஐக் காட்டி நம்மை ஏமாற்றும். லோடு போட்டால்தான், அதாவது மோட்டாரோ பல்போ எதையாவது ஓடவிட்டால்தான், அதன் குட்டு வெளிப்படும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். லோடு போட்டு அளப்பது லைனில் கரண்ட் இருக்கும்போது செய்கிற வேலை. கை பழகாதவர்கள் லைசென்ஸ் உள்ள வயர்மேனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் மெயினை அணைத்த பிறகு.

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை

கல்லிடைக்குறிச்சிக்குக் கீழ்ப்புறம் ஒரு வாழைத்தோட்டம். ஒரு எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார். இரண்டு மாதத்தில் இரண்டாவது முறையாகக் காயில் கருகிவிட்டது.

"காயில் கட்டுனவன் கம்பியில ஏமாத்திட்டான் தம்பி. நான் போய் சண்டை போடப்போறேன்" என்றார் தோட்டக்காரர்.

"சண்டை நாளைக்குப் போடலாம் அண்ணாச்சி. மீட்டர் பெட்டி எங்கன இருக்கு?"

மீட்டர் பெட்டி வீட்டோரத்துப் பழைய கிணற்றடியில் இருந்தது. மோட்டாரோ தோட்டத்தின் மறுகோடியில், புதிதாகப் போட்ட போர்வெல்லில். நடுவில் இருநூறு மீட்டர் கேபிள், ஒன்றரை எம்எம். (கடையில் எம்எம் என்றுதான் கேட்போம். அது கம்பியின் தடிமன் இல்லை, வெட்டுமுகப் பரப்பு, சதுர மில்லிமீட்டர்.)

போரடி ஸ்டார்ட்டரில் மீட்டரை வைத்தேன். மோட்டார் போடாமல் 228. போட்டதும் முள் சரசரவென்று இறங்கி 140 பக்கம் நின்றது. மோட்டார் உறுமியது. ஐந்து எண்ணுவதற்குள் அணைத்துவிட்டேன். சுற்றாமல் நிற்கும் மோட்டார், முழு வோல்டேஜ் கிடைத்தால், ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்து ஆறு மடங்கு ஆம்பியர் இழுக்கும். காயில் கருகுவது அந்த நேரத்தில்தான். பிறகு அவரை போரடியில் நிறுத்தி மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டு, மீட்டர் பெட்டியில் நான் அளந்தேன். அங்கே 222-க்குக் கீழே இறங்கவில்லை. வருகிற சப்ளை சரி, மோட்டாரடிக்குத்தான் வந்து சேரவில்லை. நடுவழியில் காணாமல் போகிறது.

ஒன்றரை எம்எம் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 ஓம். இருநூறு மீட்டர் என்று கணக்குப் போட்டால் தப்பு. கரண்ட் போய்விட்டுத் திரும்ப வேண்டும், ஆகவே நானூறு. அப்படியானால் 4.8 ஓம். மோட்டார் ஓடும்போது 7 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 7 × 4.8, சுமார் 34 வோல்ட் வழியிலேயே போய்விடும். 228 போட்டால் 194 வந்து சேரும். தட்டுத்தடுமாறி ஓடும். ஆனால் கிளம்புகிற நேரத்தில் இருபது ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது பெரும் பங்கு வழியிலேயே போய்விடுகிறது. மோட்டாரின் முறுக்கு விசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 230-க்குப் பதில் 140 என்றால் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மிச்சம். தண்ணீர் நிறைந்த பம்பை அது எப்படித் தள்ளும்?

அண்ணாச்சி சட்டென்று பிடித்துக்கொண்டார். "கன்னடியன் கால்ல கடைமடைக்குத் தண்ணி வந்து சேராத மாதிரிங்கிய?"

பாதி சரி என்றேன். கால்வாயில் வழிநெடுக மடை திறப்பார்கள், மண் குடிக்கும். தண்ணீரே குறைந்துதான் கடைமடைக்கு வரும். கேபிளில் அப்படி இல்லை. டாங் டெஸ்டரை (ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கிற கருவி) மீட்டர் பெட்டியிலும் போரடியிலும் கவ்வவிட்டுப் பாருங்கள், இரண்டு இடத்திலும் ஒரே ஆம்பியர்தான். குறைவது தள்ளுகிற அழுத்தம், அதாவது வோல்டேஜ். அது வழியில் கேபிளைச் சூடாக்குவதற்குச் செலவாகிவிடுகிறது.

நாலு எம்எம் கேபிளுக்குக் கிலோமீட்டருக்கு 4.6 ஓம். அதே நானூறு மீட்டருக்கு 1.84 ஓம், ஓடும்போது நஷ்டம் 13 வோல்ட். இரண்டரை எம்எம் என்றால் 7.4, ஆறு எம்எம் என்றால் 3.1. உங்கள் தூரத்தை இரண்டால் பெருக்கி நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஓடும்போது பத்துப் பதினைந்து வோல்டுக்கு மேல் கேபிள் தின்னக்கூடாது என்பது என் கணக்கு. அலுமினியக் கேபிள் போடுகிறவர்கள் இந்த எண்களை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு எம்எம் மாற்றிய பிறகு அந்த மோட்டார் உறுமவில்லை. காயில் கட்டியவர் தப்பித்தார்.

லோடு போட்டும் மோட்டாரடியில் வோல்டேஜ் சரியாக நின்றால், கேபிளை விட்டுவிடுங்கள். மெயினை அணைத்து, மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கண்டன்சரை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, மேலே வைத்த மோட்டாரானால் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லையென்றால் மணல் அல்லது பேரிங். சுற்றுகிறது என்றால் கண்டன்சரை மாற்றிப் பாருங்கள். காயிலைக் கடைசியில் சந்தேகப்படலாம். திரீ பேஸ் மோட்டார் உறுமினால் முதலில் மூன்று பேஸும் வருகிறதா என்று பாருங்கள், ஒரு பீஸ் போயிருக்கும்.

டெஸ்டர் எரியுது, பல்ப் எரியலை

டெஸ்டருக்குள் ஒரு சின்ன நியான் விளக்கும், அதோடு சேர்த்துப் பத்து லட்சம் ஓம் அளவுள்ள ஒரு ரெசிஸ்டரும் இருக்கிறது. நம் உடம்பு வழியாகப் போகிற கரண்ட் நம்மை ஒன்றும் செய்யாமல் இருக்க அந்த ஏற்பாடு. அதில் ஓடுவது கால் மில்லி ஆம்பியர்கூடத் தேறாது. சுவிட்சில் களிம்பு பிடித்து 10,000 ஓம் தடை வந்திருக்கட்டும். பத்து லட்சத்துக்கு முன்னால் பத்தாயிரம் எம்மாத்திரம்? டெஸ்டர் ஜோராக எரியும். ஆனால் 60 வாட் குண்டு பல்புக்கு 260 மில்லி ஆம்பியர் வேண்டும். அந்தக் களிம்பு வழியாக 23 மில்லிக்கு மேல் போக முடியாது. கம்பி சிவக்கக்கூட செய்யாது.

ஆகவே டெஸ்டர் சொல்வதை 'இங்கே தொடாதே' என்பதற்கு மட்டும் நம்பலாம், 'இங்கே எல்லாம் சரி' என்பதற்கு நம்பவேண்டாம். டிஜிட்டல் மல்டிமீட்டரும் இதே ரகம். அதன் உள்தடை பெரும்பாலும் ஒரு கோடி ஓம். பக்கத்து லைவ் ஒயரோடு ஒரே பைப்பில் கிடக்கும் செத்த ஒயரில்கூட 80, 90 வோல்ட் காட்டும். ஹோல்டரில் குண்டு பல்பைப் போட்டு இரண்டு ஒயர் இழுத்த டெஸ்ட் லேம்ப் ஒன்று பையில் இருக்கட்டும். அது எரிந்தால் சப்ளை உண்மையிலேயே இருக்கிறது. என்னிடம் இருப்பது என் குருநாதர் கட்டிக்கொடுத்த மரக்கட்டை ஹோல்டர். மீட்டர் எத்தனையோ மாறியாயிற்று, அது மாறவில்லை.

பிளக் பாயின்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறதா? இரண்டு பேஸ் வந்துவிட்டதோ என்று பயப்படுவார்கள். நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற ஒயர், எங்கோ அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆன் செய்து கிடக்கிற ஏதோ ஒரு பல்ப் வழியாகப் பேஸ் ஏறி, போக வழியில்லாமல் நியூட்ரல் ஒயரில் நிற்கிறது. வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துப் பாருங்கள், ஒரு ஓட்டையில் வெளிச்சம் போய்விடும். நியூட்ரல் கட்டையிலிருந்து ஒவ்வொரு ஜாயின்டாகத் தேடவேண்டியதுதான்.

அணைத்த பிறகும் எல்இடி பல்ப் மினுக்மினுக்கென்று எரிந்தால், பெரும்பாலும் சுவிட்சில் உள்ள சின்ன இண்டிகேட்டர் விளக்குதான் காரணம். அது இல்லாத சுவிட்ச் என்றால், சுவிட்சை நியூட்ரலில் மாட்டியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். அப்படியிருந்தால் அணைத்த பிறகும் ஹோல்டரில் பேஸ் நிற்கும், பல்ப் மாற்றுகிறவர் கை வைப்பார்.

பிளக் சுடுகிறது, கருகல் வாடை வருகிறது

எல்லாம் வேலை செய்துகொண்டே இருக்கும், ஆகவே யாரும் கூப்பிட மாட்டார்கள். வீட்டில் தீப்பிடிக்க வைக்கிற கோளாறும் இதுதான். கீசர் 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர். பிளக்கின் பின்னுக்கும் சாக்கெட்டின் பித்தளை நாக்குக்கும் நடுவில் வெறும் அரை ஓம் தடை வந்தால் என்ன ஆகும்? வோல்டேஜ் குறைவது 4 வோல்ட். தண்ணீர் வழக்கம்போலச் சுடும். ஆனால் அந்த ஒரு புள்ளியில் வெளிவரும் சூடு, ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி ஓமால் பெருக்கினால், 38 வாட். ஈயம் பற்றவைக்கிற சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிடப் பெரிய ஒன்றைச் சுவருக்குள் சொருகி வைத்தது போல.

சூடானால் நாக்கின் இறுக்கம் தளரும், களிம்பு ஏறும், தடை கூடும், இன்னும் சூடாகும். போன சாரல் காலத்தில் ஒரு வீட்டில் பார்த்த சாக்கெட் வெளியே வெள்ளையாகத்தான் இருந்தது. வலது ஓட்டையின் விளிம்பில் மட்டும் டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு வளையம். கழற்றினால் உள்ளே ஒயரின் பிவிசி உருகி, நாட்டுச்சர்க்கரைப் பாகு போல ஸ்க்ரூவைச் சுற்றி இறுகியிருந்தது. ஸ்க்ரூவைக் கை விரலாலேயே திருக முடிந்தது.

இதை மல்டிமீட்டரால் பிடிக்க முடியாது. அதன் ஒயர்களே 0.2, 0.3 ஓம் காட்டும், அதில் அரை ஓமைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுகிற கதை. கைதான் மீட்டர். கீசரோ அயர்ன் பாக்ஸோ பத்து நிமிஷம் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பின்னைப் புறங்கையால் மெல்லத் தொடுங்கள். வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் மாற்றவேண்டும், சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்து. ஒன்றை மட்டும் மாற்றினால் கருகிய பின் புது நாக்கையும் கெடுத்துவிடும். 6 ஆம்பியர் பாயின்டில் அடாப்டர் மாட்டி கீசர் போடுகிறவர்களுக்கு நான் சொல்லி அலுத்துவிட்டேன்.

அக்ரகாரத்துப் பழைய வீடுகளில் மரச்சட்டம் அடித்துப் போட்ட வயரிங் இன்னும் இருக்கிறது. அங்கே அலுமினியக் கம்பியோடு புதுச் செம்புக் கம்பியை முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். இரண்டு உலோகமும் சேர்கிற இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். அதற்கென்று உள்ள லக்கோ கனெக்டரோ போடாமல் விட்டால், மேலே சொன்ன அரை ஓம் அங்கே பிறக்கும்.

எம்சிபி விழுந்துகொண்டே இருக்கிறது

எம்சிபி என்பது கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானே விழுகிற சுவிட்ச். இதுவரை தடை கூடிய கதை. இது குறைந்த கதை. எப்போது விழுகிறது என்று பாருங்கள். தூக்கிவிட்ட நொடியே விழுந்தால் ஷார்ட். பத்து நிமிஷம் ஓடி விழுந்தால் ஓவர்லோட், கீசரையும் கிரைண்டரையும் ஒன்றாகப் போட்டிருப்பீர்கள். மழை நாளில் மட்டும் என்றால் எங்கோ ஈரம்.

ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பாருங்கள். சந்தேகப்படுகிற சாமானைப் பிளக்கின் இரண்டு பின்னுக்கு நடுவில் ஓம் அளந்து பாருங்கள். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 53 ஓம் காட்டவேண்டும், 2000 வாட் கீசர் 26. ஒன்று இரண்டு என்று காட்டினால் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. சிலர் 100 வாட் பல்பை சீரிஸில் போட்டு, பளீரென்று எரிந்தால் ஷார்ட் என்பார்கள். அயர்ன் பாக்ஸுக்கு அது ஒத்துவராது. நல்ல அயர்ன் பாக்ஸோடு சீரிஸில் போட்டாலும் பல்புக்கு 209 வோல்ட் கிடைத்துவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. குண்டு பல்பையே ஓம் அளந்தாலும் கணக்கு உதைக்கும். 100 வாட் பல்ப் எரியும்போது 529 ஓம், குளிர்ந்திருக்கும்போது மீட்டரில் நாற்பது பக்கம்தான் காட்டும். கம்பி சூடானால் தடை ஏறும் என்பதால் வருவது.

பீஸ் கட்டையில் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்டால் பீஸ் போகாது, உண்மைதான். சுவருக்குள் ஒயர் போகும்.

ராத்திரி ஏழு மணிக்கு மேல் டிம்மாக இருக்கிறது

ஒரு பக்கம் பாபநாசம், ஒரு பக்கம் பணகுடிக் காற்றாலை, கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட்டில் இரண்டு உலை, நம்ம தெருவில் 170 வோல்ட்டா என்று கேட்பவர்கள் உண்டு. உற்பத்திக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. டிரான்ஸ்பார்மரிலிருந்து உங்கள் வீடு வரை உள்ள கம்பியின் ஓமும், அதில் தெருவே சேர்ந்து இழுக்கிற ஆம்பியரும்தான் விஷயம். வாழைத்தோட்டக் கணக்கேதான், கொஞ்சம் பெரிய அளவில்.

குறை உள்ளேயா வெளியேயா என்று பிரிப்பது சுலபம். மெயினை அணைத்துவிட்டு மீட்டர் பக்கம் வருகிற வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள். அப்போதும் 170 என்றால் வெளியே, மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுக்கவேண்டியது. அணைத்தால் 225, கீசர் போட்டால் 190 என்றால், கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரிலோ அதன் ஜாயின்டிலோ தடை.

வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டர் ஓம் சொன்னபடி நடக்கும், ஆம்பியரும் குறையும். 170 வோல்ட்டில் அதன் சூடு பாதிக்குச் சற்று மேல். மோட்டார் அப்படி இல்லை. தூக்கவேண்டிய தண்ணீர் அதே அளவு என்பதால், 7 ஆம்பியர் எடுத்தது 9-ஐத் தொடும், காயில் காயும். ஸ்டெபிலைசர் போட்டால் மோட்டார் பிழைக்கும். ஆனால் 170-ஐ 230 ஆக்க அது லைனிலிருந்து 9.5 ஆம்பியர் இழுக்கும். தெருவில் நாலு பேர் போட்டால் ஐந்தாவது வீட்டுக்காரர் இன்னும் டிம். மற்றதெல்லாம் சரி, ஃபேன் மட்டும் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் கண்டன்சர், பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

ஒரு அறையில் பளீரென்று, இன்னொரு அறையில் மங்கல்

படிப்பதை நிறுத்திவிட்டு மெயினை அணையுங்கள். திரீ பேஸ் சப்ளை உள்ள வீட்டில், ஆடிக் காற்றில் கம்பத்து நியூட்ரல் அறுந்தாலோ தளர்ந்தாலோ இப்படி வரும். இரண்டு பேஸில் உள்ள சாமான்கள் 400 வோல்டுக்கு நடுவில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகிவிடும். ஒரு பக்கம் 53 ஓம் அயர்ன் பாக்ஸ், மறுபக்கம் 880 ஓம் பல்ப் என்றால், பல்பின் தலையில் விழுவது 377 வோல்ட். பல்ப் போனால் போகிறது, அந்த இடத்தில் டிவி இருந்தால்? லைன்மேன் வந்து சரிசெய்து, அளந்து பார்க்கும்வரை தூக்கவேண்டாம்.

பிரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்கிறது

முதலில் அந்த சாக்கெட்டின் மேல் ஓட்டையில் எர்த் ஒயர் மாட்டியிருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். மூன்று பின் சாக்கெட்டில் இரண்டே ஒயர் இருப்பதை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். எர்த் இல்லையென்று நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிந்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். நியூட்ரல் அறுந்தால் பிரிட்ஜ் உடம்பு முழுக்கப் பேஸ்.

ஒயர் இருந்தும் சுர்ரென்றால், அந்த ஒயர் போய் மண்ணில் இறங்குகிற எர்த் குழியில் தடை. எர்த் தடை 50 ஓம் என்றால், பேஸ் முழுசாகப் பிரிட்ஜின் உடம்பில் தொட்டாலும் 230-ஐ 50-ஆல் வகுத்த 4.6 ஆம்பியர்தான் மண்ணுக்குப் போகும். 16 ஆம்பியர் எம்சிபி அதைக் கண்டுகொள்ளாது. பிரிட்ஜ் அப்படியே பேஸோடு நிற்கும். ஈரக் கையோடு, ஈரத் தரையில் நிற்கிற உடம்பின் தடை ஆயிரம் ஓம் பக்கம் இறங்கிவிடும், 230 மில்லி ஆம்பியர் ஓடும். மண்ணுக்குக் கசிகிற கரண்டைக் கண்டுபிடித்து 30 மில்லியிலேயே துண்டிக்கிற ஆர்சிசிபி என்ற சுவிட்ச் ஒன்று மெயினுக்கு அடுத்து இருக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காக.

ஆற்றோரத்து வண்டலில் குழி தோண்டினால் ஈரம் கையில் ஒட்டும், எர்த் நன்றாகவே அமையும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் அப்படி இல்லை. காய்ந்த செம்மணல் கரண்டை வாங்காது. குழியை ஆழமாகத் தோண்டி, கரியும் உப்பும் போட்டு, பங்குனி சித்திரையில் வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி வருவேன். ஊற்றுகிறவர்கள் குறைவு. ஒரு வீட்டில் மட்டும் துணி துவைக்கிற கல்லைக் குழிக்குப் பக்கத்தில் போட்டு, அழுக்குத் தண்ணீர் அதிலேயே விழும்படி வாய்க்கால் வெட்டிவிட்டார்கள்.